செப்புக்காசு சொல்லும் செய்தி

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்குச் சோழர் பெருமை செவிவழிச் செல்வம். ஆயினும் சோழர் காசு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. முதலாம் இராசராசன் (985–1014) காலச் செப்புக்காசின் ஒருபுறம் மன்னன் நிற்கிறான், மறுபுறம் அமர்ந்திருக்கிறான். அருகே 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் பெயர்.

எந்திரமின்றிக் கையால் அடித்த காசு இது. கீழச்சின்மீது செப்புவில்லையை வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கியடித்தனர். அடி சற்றே விலகினாலும் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். அக்குறையே எனக்கு அழகாகத் தோன்றுகிறது. அக்கசாலையில் வியர்வை சிந்திய பெயரறியாத் தொழிலாளியின் கை அதில் தெரிகிறதன்றோ!

பெரிய கோயிற் சுவரெங்கும் தமிழ் பொறித்த மன்னன், காசில் மட்டும் நாகரி எழுத்தை ஏன் கொண்டான்? கல்வெட்டு ஊரார்க்கு, காசோ பல நாட்டு வணிகர்க்கு என்பதே என் துணிபு. சோழரை எதிர்த்தெழுந்த ஈழத்திலும், பொலனறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு (1153–1186) இதே வடிவிலேயே காசு அடித்தான். கோரி முகம்மதுவின் பொற்காசில் இலக்குமி உருவமும் நாகரி எழுத்தும் உண்டு. தொலைவிலுள்ள ஸ்பெயினிலோ, காஸ்டில் நாட்டுக் கிறித்தவ மன்னன் எட்டாம் அல்போன்சோ (1158–1214) தொலேதோ நகரில் அரபு எழுத்தில் பொன் அடித்தான். அதில் தன்னைக் கத்தோலிக்கரின் 'அமீர்' என்றே குறித்தான். முராபித்துகளின் தீனார் பெற்றிருந்த நன்மதிப்பே காரணம். மரவேதி என்னும் ஸ்பானியக் காசின் பெயரும் அவர்கள் பெயரின் திரிபே. அரசர்கள் வாள்கொண்டு மோதினர். சந்தையோ மாற்று அறிந்த காசையே நம்பியது.

இத்தகைய சான்றுகள் இன்று என்னவாகின்றன? வெண்ணாற்றுப் பக்கம் வாய்க்கால் தூர்வாரியபோது கிடைத்த ஒரு குடுவைக் காசுகளைப் பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாக மாணவர் ஒருவர் என்னிடம் கூறினார். அவை உலைக்குப் போயின. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். ஊரில் எவரும் அதனை அறியார். எஞ்சிய ஒரு காசைப் புளியிட்டுத் துலக்க முனைந்தவரைத் தடுத்தேன். களிம்போடு எழுத்தும் போய்விடுமே! மறுநாளே அறிவிப்புக் கடிதம் எழுதினோம். எந்த வாய்க்கால், எத்தனை அடி ஆழம் என்பனவற்றையும் அதில் சேர்க்கச் சொன்னேன்.