பச்சைக் கட்டமும் பூஜ்யம் நொடியும்

போன பதிவில் ஊர்த் திருவிழா பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அடுத்த முறை. இந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம், "சார், டெஸ்ட் ரிசல்ட்டை டூலில் ஏற்றுவதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்டாள். பதில் நீளமாக இருந்ததால் பதிவாகவே போட்டுவிட்டேன் :-)

நான் படித்தது பி.காம். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் வங்கியில் மென்பொருள் மாறும்போதெல்லாம், "வட்டிக் கணக்கு சரியாக வருகிறது" என்று கையெழுத்துப் போடுகிற ஆள் நான்தான். தினமும் ராத்திரி 612 சோதனைகள் தானாக ஓடும். முடிவுகள் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் விழும். அந்தக் கோப்பைப் படித்து, டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூலில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே பாஸ், ஃபெயில் என்று பதிய ஒரு குட்டி ஸ்கிரிப்ட் உண்டு. காலையில் நான் டூலைத்தான் பார்ப்பேன். கோப்பைப் பார்த்ததே கிடையாது.

மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. 612-ம் பச்சை. கோப்பிலும் 612, டூலிலும் 612. கையெழுத்துப் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை ரிலீஸ். ஆடிட் ஃபைலுக்காக முடிவுகளை அச்செடுக்கும்போது நேரம் காட்டும் பத்தியில் கண் போனது. மற்றதெல்லாம் 14 நொடி, 22 நொடி என்றிருக்க, 43 சோதனைகளுக்கு மட்டும் பூஜ்யம். எல்லாமே ஃபிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைக்கிற கேஸ்கள். லாகின் பக்கம் திறக்கவே நாலு நொடி ஆகும். பூஜ்யம் நொடியில் யார் டெபாசிட்டை உடைத்தது?

சென்னையிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"சார், அந்த 43-ம் ஓடவே இல்ல. டெஸ்ட் அக்கவுண்ட் காலாவதி ஆயிடுச்சு, அதனால ஸ்கிப் ஆயிருக்கு."

"அப்புறம் ஏன்ப்பா பச்சை?"

"நம்ம ஸ்கிரிப்ட் ஃபெயிலும் எர்ரரும் இருக்கான்னு மட்டும்தான் பார்க்குது சார். ரெண்டும் இல்லன்னா பாஸ்."

விஷயம் இதுதான். ஜேயூனிட் பாணிக் கோப்பில் 'பாஸ்' என்று எங்கும் எழுதியிருக்காது. தோற்றால் 'ஃபெயிலியர்' என்று ஒரு குறிப்பு, வேறு கோளாறென்றால் 'எர்ரர்', ஓட்டாமல் விட்டால் 'ஸ்கிப்டு'. எதுவுமே இல்லாவிட்டால் ஜெயித்ததாக அர்த்தம். மௌனம் சம்மதம் மாதிரி! இந்த வடிவத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே தரமும் கிடையாது. ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். வாங்கிக்கொள்ளும் டூல்களும் அப்படித்தான். டெஸ்ட்ரெயிலை எடுத்துக்கொண்டால் பாஸ்டு, பிளாக்டு, அன்டெஸ்டட், ரீடெஸ்ட், ஃபெயில்டு என்று ஐந்து நிலைகள் கூடவே வரும். 'ஸ்கிப்டு' அதில் இல்லை. எதை எங்கே போடுவது என்று நடுவில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஸ்கிரிப்டில் யாரும் முடிவு செய்யவில்லை.

காமர்ஸ்காரனுக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு வெட்கம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை, தப்பான கணக்கில் பதிந்தாலும் டேலி ஆகும் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். 612-க்கு 612. டேலிதான்.

போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை. மேலதிகாரி, "மூணு நாள் இருக்கும்போது இதைச் சொல்றீங்களே" என்றார். சொன்னேன். டெஸ்ட் அக்கவுண்டைப் புதுப்பித்து அந்த 43-ஐயும் ஓட்டினார்கள். 5 தோற்றன. அபராத வட்டியை இரண்டு முறை கழித்துக்கொண்டிருந்தது புது மென்பொருள். ரிலீஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பேச்சு வாங்கினேன். ஆனால் மகள் கல்யாணத்துக்காக டெபாசிட்டை உடைக்கிற எவரோ ஒருவரின் பணம் தப்பியது.

அன்று ராத்திரி அப்பா ஞாபகம் வந்தது. கோலார் தங்கவயலில் அப்பாவுக்கு அஸே ஆபீசில் வேலை. சுரங்கத்தின் ஒவ்வொரு முகப்பிலிருந்தும் கல் மாதிரிகள் பையில் வரும், உள்ளே எண் எழுதிய சீட்டோடு. கல்லைப் பொடியாக்கி, ஈய ஆக்சைடும் வெண்காரமும் சேர்த்து உலையில் உருக்குவார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு ஈயம் அடியில் இறங்கும். அந்த ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சுட்டால் கிண்ணமே ஈயத்தைக் குடித்துவிட்டு ஒரு மணியை மிச்சம் வைக்கும். நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைக்க, மிஞ்சும் தங்கத்தை நிறுத்து, டன்னுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அந்த எண் சுரங்க வரைபடத்தில் அந்தந்த இடத்தில் ஏறும்.

சின்ன வயதில் ஒருமுறை, "சீட்டு தொலைஞ்சா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கல்லைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எந்த இடத்துக் கல்லுன்னு தெரியாம தங்கம் எவ்வளவு இருந்து என்னடா பிரயோசனம்?" என்றார்.

அதையேதான் நாங்கள் செய்தோம். இப்போது ஒவ்வொரு சோதனையின் பெயரிலும் டூலில் உள்ள எண் இருக்கும். பெயரை மாற்றினாலும் எண் மாறாது. எண் இல்லாத முடிவு உள்ளே ஏறாது. ஸ்கிப் ஆனது பிளாக்டு என்று பதியும். கோப்புக்கும் டூலுக்கும் மொத்தத்தை மட்டுமல்ல, நிலைவாரியாக டேலி பார்க்கிறோம். கூடவே தினமும் தோற்கவேண்டிய ஒரு சோதனையை வேண்டுமென்றே ஓடவிடுகிறோம். அது காலையில் சிவப்பாக வரவில்லையென்றால் அன்றைக்குக் கையெழுத்து கிடையாது. அஸே கூடங்களில் தங்கம் இல்லாத கல்லை நடுவில் செருகி உலையைச் சோதிப்பார்கள், அந்த மாதிரி.

எந்த பில்ட், எந்த சர்வர் என்பதும் முடிவோடு ஏறியாக வேண்டும். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புது மென்பொருளுக்கு மாறியபோது 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்தது என்று 2019 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்டு அபராதம். 'பாஸ்' என்பதை விட 'எங்கே பாஸ்' என்பது முக்கியம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். நான் அப்போது பி.காம். கடைசி வருடம். மூடக்கூடாது என்று ஊரே நின்றது, அப்பாவும் நின்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மெதுவாக, "கல்லுல தங்கம் குறைஞ்சு வருஷக்கணக்காச்சு. நான்தானே எழுதினேன்" என்றார். தன் சோற்றுக்கே உலை வைக்கிற எண்ணையும் அவர் கூட்டி எழுதியதில்லை.

கெடுபிடிக்குக் காரணம் அதுதான்மா.

அடுத்த பதிவில் திருவிழா. சத்தியமாக.