பாய் வைத்த டைமிங்

காந்தி மார்க்கெட்டுக்கு விடிவதே நள்ளிரவில்தான். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அப்பா அங்கே வெங்காய மண்டி வைத்திருந்தார். வீடு ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் பிழைப்பு மொத்தமும் ஓர் அம்பாசிடர் மார்க் 2 ஸ்டார்ட் ஆவதில் இருந்தது.

மார்கழியில் அது லேசில் மசியாது. பனியின் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கிவிடும். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த ஈரத்திலேயே கசிந்து போய்விடும். அப்பா பானெட்டைத் தூக்கி, மூடியின் கிளிப்புகளைத் தள்ளி, அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டால் உள்ளே துடைப்பார். பிறகு முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்.

அதற்கும் கிளம்பாவிட்டால் பாலக்கரை பாய்தான். சந்துக்குள் தகரக் கொட்டகை. ரோட்டரை உருவி எடுத்து, பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே உப்புத்தாளை மடித்து இழுப்பார். ஏதாவதொரு மண்டியின் விசிட்டிங் கார்டை விட்டுத் தூசியைத் துடைப்பார். பாயிண்ட்டுக்குக் கேப், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு. பிளக் கேப்புக்கு ஒடிந்த ஆக்ஸா பிளேடே அளவுகோல். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு மாரிஸ் தியேட்டர் பக்கத்துக் கோட்டை ரயில்வே பாலத்துக்கு வண்டியை விடுவார். டாப் கியரிலேயே மேடேறும்போது ஆக்சிலேட்டரை அமுக்கி, "கேளுங்க தம்பி, லேசாத் தட்டுதா? வேகம் எடுத்ததும் அந்தச் சத்தம் நிக்கணும். நின்னா டைமிங் சரி" என்பார். நிற்காவிட்டால் ஓரங்கட்டி மறுபடியும் ஸ்பேனரை எடுப்பார்.

பாய் காலமாகிவிட்டார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. அப்பாவின் வண்டி என்னிடம் இருக்கிறது. ஆனால் கிடைக்கிற பாயிண்ட் செட் எதுவும் நெடுநாள் தாங்கவில்லை. அதனால் நெதர்லாந்தின் 123 இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டரை வரவழைத்தேன். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காருடையது. அந்த வகை இன்ஜின்களுக்குச் செய்தது இதற்கும் பொருந்துகிறது.

முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து குறி பார்த்து, பழையதை உருவிவிட்டு அதே துளையில் இதை இறக்கினேன். வயர்களை 1-3-4-2 வரிசையில் மாட்டினேன். உள்ளே பாயிண்ட் இல்லை, எடைக்கட்டி இல்லை, ஸ்பிரிங் இல்லை. எந்த ஆர்.பி.எம்.முக்கு எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்பதைச் செல்போனிலேயே பதியலாம். 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100 பொறி, ஒன்றுகூடத் தவறுவதில்லை. சாவியைத் திருப்பியதுமே வண்டி பிடித்துக்கொள்கிறது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எந்த எண்ணைப் போடுவது? பழைய புத்தகத்திலிருக்கும் கணக்கு ஈயம் கலந்த பெட்ரோலுக்கானது. 2000-ல் ஈயம் போனது. இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது எரிகிற விதமே வேறு. தட்டலைக் கேட்டுச் சொல்லும் சென்சார் இந்த இன்ஜினில் கிடையாது. கடைசியில் மேடு தேடிப் போய், டாப் கியரில் அமுக்கி, அந்தத் தட்டலுக்குக் காது கொடுத்துத்தான் ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிக் குறைத்தேன். பாய் கற்றுக்கொடுத்த வழி அது. அவர் ஏற்றிய பாலத்தைத்தான் இடித்துவிட்டார்கள்.

பாயிண்ட் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. பாயும் இந்தச் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். என் ஆற்றாமை வேறு. எந்த வண்டிக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவர் காது வைத்திருந்த கணக்கை எழுதிவைக்க அன்று ஒரு வழியும் இல்லை. எழுதிவைக்கும் கருவி வந்தபோது சொல்ல அவர் இல்லை. அரியமங்கலத்திலும் பால்பண்ணையிலும் அப்படிக் காதுள்ள பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய வண்டிக்குப் புதுச் சாமான் மாட்டுகிறவர்கள் முதலில் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். எண்ணை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம்.