முடிந்தது என்று சொன்னது யார்?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

மறதி மனிதனுக்கு இயல்பு. அதை வெல்லத்தான் எழுத்து பிறந்தது என்பார்கள். ஆனால் எழுதி வைத்ததாலேயே ஒரு வேலை கெட்டுப்போகவும் கூடும் என்பதைச் சென்ற ஆண்டு நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்திற்கு என் வகுப்பறையில் ஆசிரியர் இல்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில் அது நடந்தது.

எங்கள் ஊர் ராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சுற்றிலும் மரவள்ளிக் காடு. அப்பா லாரி ஓட்டுநர்; மாதத்தில் பாதி நாள் வடநாட்டுச் சாலைகளில் இருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அம்மாதான் வீட்டை நடத்துகிறார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

அம்மா 14 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டம், பின்னர் எங்கள் சேலம் சீமைக்கும் வந்தது. நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகவில்லை, 1997இல்தான் பிரிந்தது. இன்று குழு இல்லாத ஊரைக் காண்பது அரிது.

வெள்ளிதோறும் மாலையில் கூட்டம். பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். வாங்கிய பணத்தை ரொக்கப் புத்தகத்தில் எழுதி, அங்கிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, பிறகு ஒவ்வொருவர் பாஸ் புத்தகத்திலும் பதிய வேண்டும். ஒரே தொகையை நான்கு இடங்களில் எழுதிவிட்டு அம்மா படுக்கும்போது மணி பதினொன்றாகிவிடும். "ஒரு தடவை எழுதினால் எல்லா இடத்துக்கும் தானாகப் போகாதா?" என்று எனக்குத் தோன்றியது.

போகும் என்றது கைப்பேசி. குறிப்பு எழுத ஒரு செயலி, செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட மற்றொரு செயலி, இரண்டையும் பிணைக்க மூன்றாவதாக ஓர் இணைப்புச் சேவை. இப்படிப் பிணைக்கும் சேவைகள் புதியவை அல்ல; ஜேப்பியர் போன்றவை 2011 முதலே உள்ளன. நான் பயன்படுத்தியவற்றின் பெயர் இங்கே தேவையில்லை. குறிப்பில் ஒரு வரி எழுதினால் அது அம்மாவின் கைப்பேசியில் வேலையாகத் தோன்றும். அங்கே டிக் போட்டால் குறிப்பிலும் டிக் விழும். மூன்று மாதம் கடிகாரம் போல் ஓடியது. நான் ஏதோ பெரிய பொறியாளன் போல் நிமிர்ந்து நடந்தேன்.

நான்காம் மாதம் வந்தது. 10ஆம் தேதி வங்கித் தவணை 18,000 ரூபாய் கட்ட வேண்டும். பணம் குழுப் பிரதிநிதியான எதிர்வீட்டு அத்தையிடம் இருந்தது. 8ஆம் தேதி அவர் மகளுக்குப் பிரசவ வலி எடுக்க, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் எனக்குப் போன் செய்தார். "பணத்தை மருமககிட்டக் குடுத்துட்டேன் சாமி. அம்மாளையே கட்டிரச் சொல்லு" என்றார்.

நான் கல்லூரிப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். குறிப்பைத் திறந்து 'அத்தை' என்பதை அழித்து 'அம்மா' என்று மாற்றினேன். செய்தி தானாகப் போய்விடும் அல்லவா? அம்மாவிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

மாறிய வரியை இணைப்புச் சேவை புதிய வேலை என்று எண்ணியது. பட்டியலில் ஒரே தவணை இரண்டு முறை நின்றது. பழையதை நான் நீக்கினேன். நீக்கியதை அது 'முடிந்தது' என்று பொருள்கொண்டு குறிப்பில் டிக் போட்டது. குறிப்பில் டிக் விழுந்ததும் அம்மாவின் பட்டியலில் இருந்த புதிய வேலையும் மறைந்தது. அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

10ஆம் தேதி காலை, உள்தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னிடம் அம்மா, "தவணை என்னாச்சு கண்ணு?" என்றார். கைப்பேசியைப் பார்த்தேன். டிக் இருந்தது. அத்தை பேசியது நினைவில் இருந்தும், யாரோ கட்டாமல் டிக் எப்படி விழும் என்று எண்ணி, "கட்டியாச்சும்மா" என்றேன். அத்தை சேலம் போகுமுன்பே கட்டிவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அன்று மாலையே அவசரக் கூட்டம். "பிரசவச் செலவு வந்திருக்கும், கை வச்சிருப்பாங்க" என்று ஒரு குரல். மற்றவர்கள் மறுக்கவில்லை. அதுதான் கொடுமை. பதினைந்து ஆண்டுகளாக ஒரு ரூபாய் பிசகாத கை அது. எட்டு மணிக்கு நூல் மில் ஷிப்ட் முடிந்து வந்த மருமகள், மஞ்சள் பையை நடுவில் அவிழ்த்து எண்ணி வைத்தார். 18,000 முழுதாக இருந்தது. ஆனால் சொன்ன சொல்லை எந்தப் பையில் திரும்பக் கட்டுவது? நான் எழுந்து நின்று தவறு என்னுடையது என்றேன். தாமத வட்டியை அம்மா தன் கைப்பணத்தில் கட்டினார்.

ஊர் திரும்பிய அத்தை என்னைத் திட்டவில்லை. "பணம்னா சம்பாரிச்சுக்கலாம் சாமி. எனக்கு ஒரு போனடிச்சுக் கேட்டிருக்கலாமல்ல?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

அதன்பின் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தனித்தனி இடத்தில் இயங்கும் கணினிகளுக்குள் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதை வெறும் கடிகாரத்தை நம்பித் தீர்மானிக்க முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். நல்ல ஒத்திசைவு முறைகளில், அழித்த ஒன்றைச் சுவடில்லாமல் விடுவதில்லை. 'இது அழிக்கப்பட்டது' என்று ஓர் அடையாளம் வைக்கிறார்கள். அதற்குக் கல்லறைக் கல் என்றே பெயர்! படித்தபோது எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன. அம்மாவின் ரொக்கப் புத்தகத்தில் ரப்பரால் அழித்த இடமே கிடையாது. தவறு நேர்ந்தால் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வாங்குவார். வங்கிச் சலான் கையில் வராமல் எந்தத் தொகையையும் வரவு வைக்கமாட்டார். எட்டாம் வகுப்புக்காரர் நடைமுறையில் வைத்திருந்ததை நான் பட்டப்படிப்பில் தேடிக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியை நான் தூக்கி எறியவில்லை. அது உழைப்பைக் குறைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் மூன்று மாற்றங்கள் செய்தேன். குறிப்பிலிருந்து பட்டியலுக்கு மட்டுமே செய்தி போகும். பட்டியலிலிருந்து எதுவும் திரும்பி வராது. சலானைப் படம் பிடித்து இணைத்த பிறகே டிக் போட வேண்டும். அதையும் கட்டியவரே போட வேண்டும். ஆள் மாறினால் எழுதுவதோடு நில்லாமல் நேரிலோ போனிலோ சொல்ல வேண்டும். குழுவுக்கு மூலம் தீர்மானப் புத்தகமே. கைப்பேசி அதன் நகல்.

நண்பர்களே! முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மிடம் வீட்டார் வங்கிக் கடிதத்தையும் விண்ணப்பத்தையும் நீட்டி, "பார்த்துச் சொல்லு" என்கிறார்கள். நாம் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். "முடிந்தது" என்று வாய் திறக்குமுன், முடித்தது யார் என்று ஒருமுறை கேட்டுவிடுவோம்.

சென்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தவணைப் பணத்தை எண்ணி வாங்கியவர் அதே அத்தைதான். சலானைக் கொண்டுவந்து என்னிடமே நீட்டினார்.

"படம் புடிச்சுக்க சாமி. அப்புறமா டிக் போடலாம்."