மலையேறிய மூட்டைகள்

சென்ற மாசி மாதத்தில் எமது கல்லூரி மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு சிவனொளிபாத மலைக்குச் சென்றிருந்தேன். அட்டனில் புகையிரதத்தை விட்டிறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. சிகரத்தின் உயரம் 2,243 மீற்றர். படிகளோ 5,000க்கு மேல். புறப்படுமுன் ஒவ்வொருவரிடமும் கம்பளிச் சட்டை உண்டா, தண்ணீர்ப் போத்தல் உண்டா என்று விசாரித்தேன். முதுகிலே தொங்கிய பைகளை மாத்திரம் கவனியாது விட்டேன். இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் படிப்பிப்பவன் செய்யத்தக்க பிழையா இது?

ஒருவன் தோள்வார்களை நீளமாக விட்டிருந்தான். பை இடுப்புக்குக் கீழே தொங்கி, அடிக்கொரு தரம் மோதிற்று. ஒருவன் ஒற்றைத் தோளில் மாட்டி மறுபக்கம் சாய்ந்து நடந்தான். மற்றொருவன் மாமனிடம் இரவல் வாங்கிய நெடும்பையைச் சுமந்தான். அது தலைக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து நின்றது. இடுப்புவார் கட்டப்படாமல் ஆடியது.

நாம் நிலையாக நிற்கையில் புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு பாதங்களின் எல்லைக்குள் விழவேண்டும். முதுகிலே சுமை ஏறியதும் அம்மையம் பின்னே நகர்கிறது. அதனை மீட்க உடல் தானாகவே முன்னே குனிகிறது. நிறை ஒன்றேயாயினும், முதுகோடு ஒட்டிய தட்டையான பையைவிடப் பின்புறம் புடைத்துத் தள்ளி நிற்கும் பை அதிகமாய்க் குனியவைக்கும். சுமை கூடக்கூட எட்டுக் குறுகும், இரு பாதமும் ஒருங்கே நிலத்தில் ஊன்றும் நேரம் நீளும், கைவீச்சு அடங்கும். கரும்பலகையில் எழுதியவற்றையெல்லாம் அன்றிரவு படிவிளக்குகளின் ஒளியிலே பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஏறுகையில் இவை வெறுங் களைப்பாகவே தோன்றின. சூரியோதயத்தையும், மறுபுறத்தில் விழுந்த மலையின் முக்கோண நிழலையும் கண்டு மகிழ்ந்து இறங்குகையில்தான் வினை வந்தது. பஸ்வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் நெடும்பைக்காரன் படிகளில் ஓடத் தொடங்கினான். நடப்பவனுக்கு ஒரு காலாவது எப்பொழுதும் நிலத்தில் உண்டு. ஓடுபவனுக்கோ இரண்டும் அந்தரத்தில் நிற்கும் கணங்கள் உண்டு. உடல் எழும்போது தளர்ந்த பை பின்தங்குகிறது. உடல் இறங்கும்போது பை இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. அப்புறம் தோளில் வந்து விழுகிறது. திருப்பத்தில் எதிரே ஏறிவந்த மூதாட்டியைக் கண்டு அவன் சட்டென்று நின்றான். பை நிற்கவில்லை. தலைக்கு மேலாக முன்னே சரிந்து அவனையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நான்கு படிகள்!

"ஒண்டுமில்லை சேர்" என்றான், நெற்றியிலே இரத்தம் வழிய. மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவனுடைய தாய்க்கு என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பையைத் திறந்தேன். அடியிலே துணிகள்; மேலே தண்ணீர்ப் போத்தல்களும் தகரப்பேணிகளும்! அவ்வழியே கொழுந்துக்கூடையுடன் வந்த தோட்டத்து அம்மையார் ஒருவர் நின்று பார்த்தார். கூடைக் கயிறு அவர் தலையில். கூடை முதுகோடு ஒட்டியபடி. "பாரத்தை ஆடவிடக் கூடாதுங்க ஐயா, முதுகோட சேத்துக் கட்டணும்" என்றார். பாரமானவற்றை நடுவில் முதுகை அண்டிவைத்து, இடுப்புவாரை இறுக்கி, நானே சுமந்தேன். பாரத்திற் பெரும்பகுதி தோளைவிட்டு இடுப்பெலும்பில் இறங்கியதை உணர்ந்தேன்.

வீடு திரும்பிய இரவே, ஆறாம் வகுப்பிற் படிக்கும் மகளின் புத்தகப்பையைத் தராசில் வைத்தேன். 6 கிலோ. அவளோ 32 கிலோ. இந்தியாவில் 2020இல் வெளியான பள்ளிப்பைக் கொள்கை, பையின் நிறை உடல் நிறையிற் பத்திலொன்றைத் தாண்டலாகாது என்கிறது. அப்படியாயின் 3 கிலோவுக்குச் சற்று மேல்.

"எதை அப்பா விட்டிட்டுப் போறது? நாளைக்கு எல்லாப் பாடமும் இருக்கு" என்றாள்.

புத்தகங்களை மேசையில் பரப்பி, இருவரும் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கினோம்.