தொண்ணூற்றேழுக்கு என்ன மதிப்பு?

குண்டப்பா விஸ்வநாத்தின் டெஸ்ட் கணக்கு இது: 91 ஆட்டம், 6080 ரன், 14 சதம், சராசரி 41.93. ஆட்டக்காரரின் பெயரை மறைத்து இதை இன்றைய ரசிகர் ஒருவரிடம் நீட்டினால், ‘நல்ல பேட்ஸ்மேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். பக்கத்திலேயே மைத்துனர் கவாஸ்கரின் 34 சதமும் 51.12 சராசரியும் இருக்கும்போது அந்த ரசிகரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் எழுபதுகளில் ஆட்டம் பார்த்தவர்கள், ‘விஷி’ என்று தாங்கள் அழைக்கும் விஸ்வநாத்தின் பெயரை எடுத்தாலே குழைந்துவிடுகிறார்கள். இது பழசை நினைத்து உருகும் வியாதி, வேறொன்றுமில்லை என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டையான ஆடுகளத்தில் களைத்துப்போன பந்துவீச்சில் எடுத்த ரன்னும், அணி சரிந்துகொண்டிருக்கும்போது எடுத்த ரன்னும் சராசரிக்கு ஒன்றுதான். அந்த வித்தியாசத்தில்தான் விஸ்வநாத்தின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1975 ஜனவரி, சேப்பாக்கம். தொடரின் முதல் இரண்டு டெஸ்டையும் வெஸ்ட் இண்டீஸ் வென்றிருந்தது. கல்கத்தாவில் மூன்றாவதை இந்தியா பிடித்தது, அதற்கும் விஸ்வநாத்தின் 139தான் முதுகெலும்பு. சென்னையில் ஆண்டி ராபர்ட்ஸ் தீயாக வீசி 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்குச் சுருண்டது; அதில் 97 விஸ்வநாத்துடையது, ஆட்டமிழக்காமல். மீதிப் பத்துப் பேரும் உதிரிகளும் சேர்ந்து 93. ஐந்தடி சொச்சம் உயரமுள்ள மனிதர், அந்த வேகத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. பந்து உடம்பைத் தாண்டப்போகிறது என்று நினைக்கும் நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி பாயிண்ட் பக்கம் கட் செய்தார். மற்றவர்கள் தப்பிக்கப் பார்த்த பந்து அவருக்கு நாலு ரன். பத்தாவது விக்கெட்டுக்கு வந்தவர் சந்திரசேகர். பேட்டிங்கில் அவர் தேறாதவர் என்பது ஊரறிந்த விஷயம். அவர் அவுட்டானதும் சதம் மூன்று ரன்னில் நின்றுபோயிற்று. எதிரணி 192 எடுத்து வெறும் இரண்டு ரன் முன்னிலை பெற்றது. இந்தியா 100 ரன்னில் வென்று தொடரைச் சமன் செய்தது. சதப் பட்டியலில் இந்த இன்னிங்ஸுக்கு இடமில்லை. அதே மைதானத்தில் 1982இல் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்த 222க்கு இடமுண்டு; அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது.

விஸ்வநாத் சதமடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை என்று அவருடைய ரசிகர்கள் ஒரு வாதத்தை எடுத்துவருவார்கள். உண்மைதான், ஆனால் நான் அதில் பெரிதாகச் சாய மாட்டேன். அந்த 14 ஆட்டங்களில் 10 டிரா. டிரா மலிந்திருந்த காலம் அது. மிஞ்சிய நான்கைப் பார்ப்பதுதான் நியாயம்: கல்கத்தா, 1976இல் 403 ரன் இலக்கை விரட்டிப் பிடித்த போர்ட் ஆஃப் ஸ்பெயின், 1979இல் சென்னை, ஆஸ்திரேலியாவை 83க்குச் சுருட்டிய 1981 மெல்போர்ன். மெல்போர்னில் முதல் இன்னிங்ஸ் 237இல் 114 அவருடையது. 1979இல் வந்தது, கெர்ரி பேக்கரின் தனியார் தொடருக்குப் போய்விட்ட ஆட்டக்காரர்கள் இல்லாத வெஸ்ட் இண்டீஸ்தானே என்று கேட்டால், ஆமாம், அந்த 124ஐ ஒரு படி இறக்கியே வைக்கலாம். நல்ல நாட்களை மட்டும் பொறுக்குகிறாய், எல்லா நாளையும் சேர்த்து எடைபோடுவதற்குத்தானே சராசரி என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நிலையாக ஆடுவதும் ஒரு பெரிய குணம். அதில் கவாஸ்கர் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. 1982–83 பாகிஸ்தான் தொடரில் விஸ்வநாத் தடுமாறியதையும் மறைப்பதற்கில்லை, அதோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கையே முடிந்தது. ஆனால் நான் பொறுக்கியது அவருடைய சுலபமான நாட்களை அல்ல, அணியின் மோசமான நாட்களை. மற்றவர்கள் திணறிய இடத்தில் ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்பது பாரபட்சம் ஆகாது.

1980 பம்பாய் பொன்விழா டெஸ்டை வைத்தும் அவரை மடக்குவார்கள். 58க்கு 5 விக்கெட் இழந்து தவித்த இங்கிலாந்தை போத்தமும் பாப் டெய்லரும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது, நடுவர் அவுட் கொடுத்த டெய்லரைக் கேப்டன் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. இந்தத் தாராளத்துக்கு அணிதானே விலை கொடுத்தது என்பது நியாயமான கேள்வி. அவர் கேப்டனாக இருந்ததே இரண்டு டெஸ்டுக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் அந்த ஆட்டத்தில் போத்தம் 114 ரன் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தார், இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் 149க்குச் சுருண்டது. தோல்வியை டெய்லரின் 43 ரன் தலையில் கட்டுபவர்கள் இவற்றுக்கும் கணக்குச் சொல்லட்டும்.