தண்ணீர் குடித்து ஏறிய மலை

விட்னி மலைக்கு அனுமதிச் சீட்டு தரும்போது கூடவே ஒரு பையும் தருகிறார்கள். வழியில் மலம் கழித்தால் அதில் கட்டிச் சுமந்து கீழே கொண்டுவர வேண்டும். பாதையில் கழிப்பறை கிடையாது.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது விட்னி. உயரம் 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயர்ந்த சிகரம். போகவர ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒரே நாளில் ஏறி இறங்க, கோடையில் தினம் 100 பேருக்குத்தான் அனுமதி, அதற்கும் குலுக்கல். அங்கே வேலை பார்க்கும் என் தங்கைக்கு நான்கு வருடம் சீட்டு விழவில்லை. ஐந்தாவது வருடம் என் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்தாள், ஆகஸ்டில் ஒரு நாள் கிடைத்தது. ஆறு மாதம் ஞாயிறுதோறும் அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறி இறங்கிப் பழகிவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. மிகுந்த காரத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆகவே உயரத்தில் அடிக்கடி சிறுநீர் வருவது, உடம்பு பழகுகிறது என்பதன் அறிகுறி. முழுதாகப் பழக நாட்கள் வேண்டும். ஒரே நாளில் ஏறி இறங்குபவர்களுக்கு அந்த நாட்கள் இல்லை.

என் உடம்போ வேறு பாடம் படித்தது. எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீர் தொடமாட்டோம். அடக்கிக்கொள்வதை யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களே கற்றுக்கொண்டோம். பேருந்து, தேர்வுக்கூடம், கல்யாண மண்டபம், விடைத்தாள் திருத்தும் மையம் என்று எங்கே போனாலும் அந்தப் பாடம் கூடவே வந்தது. சிறுநீர்த் தொற்றுக்குப் போடும் மாத்திரையின் பெயர் தெரியாத பெண் எங்கள் துறையில் இல்லை.

அதிகாலை இரண்டு மணிக்கு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். அரை மணிக்கொரு தரம் தங்கை, "அக்கா, குடி" என்பாள். ஒரு மடக்கு குடித்ததும் என் கை தானாகவே பாட்டிலை மூடும். விடியும்போது மரங்கள் முடிந்துபோயின. அதற்கு மேல் வெறும் பாறையும் வெட்டவெளியும்தான்.

"நான் துப்பட்டாவை மறைச்சுப் பிடிக்கிறேன், போயிட்டு வா" என்றாள். துப்பட்டாவுக்கு இத்தனை நல்ல உபயோகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. பிறகு நானும் அவளுக்குப் பிடித்தேன். நடுப்பகலுக்குள் நான்கு முறை போனேன், மூன்று லிட்டர் குடித்திருந்தேன். நினைவு தெரிந்து ஒரு பயணத்தில் நான் அவ்வளவு குடித்ததில்லை.

இந்த மலையில் முதலில் ஏறிய பெண்கள் நால்வர், 1878இல். அவர்களில் அன்னா மில்ஸ் பள்ளி ஆசிரியை, கால் ஊனமுற்றவர். ஹல்டா குரூக்ஸ் அறுபதுகளின் நடுவில் தொடங்கி 91 வயதுக்குள் 23 முறை ஏறியிருக்கிறார். இருவர் பெயரிலும் அந்தப் பக்கத்தில் சிகரங்கள் உண்டு. அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று தங்கையிடம் கேட்டேன். நாங்கள் படித்த எதிலும் அது இல்லை.

தொண்ணூற்றொன்பது கொண்டைத் திருப்பங்கள் ஏறி மலைமுகட்டை அடைந்தபோது 4,150 மீட்டர் உயரத்தில் இருந்தோம். அங்கே எனக்குத் தலை இடித்தது. வாந்தி எடுத்தேன். சற்று உட்கார்ந்தேன், மறுபடியும் வாந்தி. உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். எதிரே இறங்கிவந்த ஒருவர், "ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள், கிட்டத்தில்தான்" என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டு காரியத்தைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. மாதவிலக்கின் முதல் நாளிலும் காய்ச்சலிலும் வகுப்பையும் அடுப்பையும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். அதைப் பொறுப்பு என்று சொல்லிப் பாராட்டியும் இருக்கிறார்கள். ஆனால் மலைநோய் முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது.

"இறங்கலாம்" என்றேன்.

தங்கை உச்சிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நீ போயிட்டு வா, நான் மெல்ல இறங்குறேன்" என்றதற்கு, "உன்னைத் தனியா விட்டுட்டா?" என்று பையை மாட்டிக்கொண்டாள். அவளுடைய ஐந்து வருடக் காத்திருப்பு அது. எனக்காக விட்டுக்கொடுத்தாள். அடுத்த வருடக் குலுக்கலுக்கு நான்தான் விண்ணப்பிக்கப்போகிறேன். லோன் பைன் ஏரிக்கு வருவதற்குள் தலைவலி விட்டது. பசித்தது.

ஊர் திரும்பியதும் துறையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "உச்சியைத் தொட்டீங்களா?" இல்லை என்றதும், "அடடா, கொஞ்சம்தானே பாக்கி" என்று எனக்காக வருத்தப்பட்டார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள். "அங்க பாத்ரூமுக்கு என்ன மேம் பண்ணுவீங்க?"

போக ஆசைப்படுகிறவள் கேட்கும் கேள்வி அது. பையைப் பற்றி, துப்பட்டாவைப் பற்றி, மூன்று லிட்டர் தண்ணீரைப் பற்றி, அடுத்த மணி அடிக்கும்வரை அவளுக்குச் சொன்னேன்.