எங்கே பிரேக் போடுவீங்க, சார்?

என் ஸ்கூட்டரை வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் நான் படும் பாடு தெருவுக்கே தெரியும். ஒரு நாள் கோலத்தின் மேல். மறுநாள் சாக்கடை ஓரம். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் புதுச் செருப்பின் மேல். நூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கே இந்தக் கதி.

மாம்பலம் ஸ்டேஷனில் தினமும் ஒரே தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். தாம்பரம் போகும் மின்சார ரயில் வரும். 12 பெட்டி, ஏறக்குறைய 250 மீட்டர் நீளம், ஒரு ஆள் ஏறாவிட்டாலும் 400 டன்னுக்கு மேல் எடை. வந்து நின்றால், வாசல் சரியாக என் மூக்குக்கு நேரே! நேற்றும் அப்படி. இன்றும் அப்படி. ஓரடி, ஈரடி முன்னே பின்னே இருந்தால் அதிகம்.

இது எப்படி? இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கவே வேண்டாம். வந்து தொலைத்துவிட்டது.

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரிட்டயர் ஆன மோட்டார்மேன். மின்சார ரயில் ஓட்டுபவரை அப்படித்தான் சொல்வார்கள். கடற்கரை - தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடி முடிந்தது 2004-ல். அதையும் ஓட்டியவர், பிறகு வந்த அகலப்பாதை ரயிலையும் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் திண்ணையில் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தேன்.

“சார், ஸ்டேஷன் வருதுன்னா எங்கே பிரேக் போடணும்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

பேப்பரை மடித்து வைத்தார். “தம்பி, ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் யோசிக்க ஆரம்பிச்சா, அடுத்த ஸ்டேஷன்லதான் நிக்கணும்.”

கணக்குப் போட்டுக் காட்டினார். 70 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் ஒரு பெட்டி நீளம் போய்விடும். அந்த வேகத்திலிருந்து ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழாமல் நிறுத்த, ஏறத்தாழ ஒரு பிளாட்பார நீளம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதானே என்றேன் (நான் பி.காம்.).

“நாலு மடங்கு!”

கந்து வட்டி மாதிரி என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதனால்தான் 110 கிலோமீட்டரில் பறக்கும் எக்ஸ்பிரஸ் வண்டியை நிறுத்த ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவைப்படுகிறது. அதன் டிரைவருக்கு ஸ்டேஷன் கண்ணில் படுவதற்கு முன்பே தகவல் வந்துவிட வேண்டும். முதலில் கறுப்பு-மஞ்சள் பட்டை போட்ட பலகை, ‘சிக்னல் வரப்போகிறது’ என்று சொல்லும். பிறகு இரட்டை மஞ்சள், அப்புறம் ஒற்றை மஞ்சள், கடைசியில் சிகப்பு. ஒவ்வொரு சிக்னலையும் டிரைவரும் உதவி டிரைவரும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். சிகப்பைத் தாண்டினால் வேலைக்கே ஆபத்து.

“சிக்னல் நிக்கணுமா, போகணுமான்னு சொல்லும். எங்கே கையை வைக்கணும்னு சொல்லாது. அது மனப்பாடம்” என்றார் பெரியவர்.

மனப்பாடம் என்றால் நிஜமாகவே மனப்பாடம். புதுத் தடத்தில் யாரும் நேராகப் போய் வண்டி எடுத்துவிட முடியாது. முதலில் இன்னொருவர் ஓட்ட, பக்கத்தில் நின்று பாதையைப் படிக்க வேண்டும், ராத்திரியிலும் சேர்த்து. எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே சரிவு எல்லாம். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடி படிக்க வேண்டும். பரீட்சை முடிந்த மறுநாளே காஸ்ட் அக்கவுண்டிங்கை மறந்தவன் நான். இந்த விதி எங்களுக்கு இருந்திருந்தால் இன்னமும் காலேஜில்தான் இருந்திருப்பேன்.

அடையாளங்கள் ஏராளம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கவனியுங்கள், மின்கம்பி தாங்கும் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது கம்பம். ரயில்வே போட்ட அடையாளம் அது. ஓட்டுகிறவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளும் அடையாளங்கள் வேறு. ஒரு அரச மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மதில் சுவர்.

“ஒரு ஸ்டேஷனுக்கு முன்னாடி மஞ்சள் பெயின்ட் அடிச்ச வீடு ஒண்ணு. அதுதான் எனக்குக் கணக்கு. ஒரு தீபாவளிக்கு அந்த வீட்டுக்காரன் பச்சை அடிச்சுட்டான். ரெண்டு நாள் தவிச்சுப் போயிட்டேன் தம்பி!”

மழையில் கண்ணாடி மறைத்தால்? காது இருக்கிறது. சைதாப்பேட்டையை விட்டு அடையாறு பாலத்தில் ஏறினால் சத்தம் மாறும். பாலம் முடிந்தால் மறுபடி மாறும். அப்புறம் கிண்டிக்கு எத்தனை தூரம் என்பது கைக்கே தெரியும் என்றார்.

இதெல்லாம் பாதி. மீதி வண்டியிடம் இருக்கிறது. எந்த இரண்டு வண்டியும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்காது. காலை கூட்டத்தில் திணறி வரும் வண்டி வேறு, மத்தியானம் காற்று வாங்கிக்கொண்டு வரும் வண்டி வேறு. மழை பெய்தால் தண்டவாளம் வழுக்கும். அதனால் கிளம்பியவுடனேயே லேசாக ஒரு தடவை பிரேக்கைத் தொட்டு, இன்றைக்கு இவள் மூட் எப்படி என்று பார்த்துக்கொள்வார்களாம் (கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை). ஸ்டேஷன் நெருங்கும்போது முதலில் கொஞ்சம் அழுத்தி, எவ்வளவு பிடிக்கிறது என்று உடம்பால் உணர்ந்து, பிறகு கூட்டியும் குறைத்தும் போவார்கள். பிளாட்பாரக் கோடியில் 9 பெட்டிக்கு ஒரு பலகை, 12 பெட்டிக்கு ஒரு பலகை. தன் பலகைக்கு நேராக முகப்பு வர வேண்டும். நிற்பதற்குச் சற்று முன்னால் பிரேக்கை இளக்கிவிட வேண்டும்.

“நின்னதே தெரியக் கூடாது. ஜன்னல்ல சாஞ்சு தூங்கறவன் தூங்கிக்கிட்டே இருக்கணும். குலுங்கினா அது பிரேக் இல்லே, முட்டறது.”

இப்போது வரும் வண்டிகளில் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்து, கரண்ட்டைக் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறதாம். ரீஃபண்ட்! சென்னை மெட்ரோவில் கம்ப்யூட்டரே கொண்டு வந்து நிறுத்துகிறது. அதைச் சொன்னபோது பெரியவர், “நல்லதுதான்” என்றார். குரலில் நல்லது ஒன்றும் தெரியவில்லை.

நான் சும்மா எழுந்து வந்திருக்கலாம். “நீங்க தப்பான இடத்துல நிறுத்தினதே இல்லையா சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவை. சாயந்திரம். உன் வயசுதான் இருக்கும், தோள்ல ஆபீஸ் பை. எதிர் பிளாட்பாரத்துல வண்டி நிக்குது, அதைப் பிடிக்கத் தண்டவாளத்துல குதிச்சுட்டான். ஹாரன் அடிச்சேன். எமர்ஜென்சி போட்டேன். எமர்ஜென்சி போட்டாலும் 150 மீட்டருக்கு மேல ஓடும் தம்பி. அதுக்கப்புறம் எனக்குக் கையில வேலை இல்லே. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்.”

“ஐயோ... அடிபட்டுட்டானா சார்?”

“இல்லே. தாவி ஏறிட்டான். ஏறி நின்னு என்னைப் பார்த்துச் சிரிச்சான். கைகூடக் காட்டினான். நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அடுத்த ஸ்டேஷன் வந்தது. பத்து வருஷமா நிறுத்தின ஸ்டேஷன். பிரேக்ல கை இருக்கு, அழுத்த வரலே. போர்டைத் தாண்டி அரைப் பெட்டி தள்ளித்தான் நின்னேன். மெமோ கொடுத்தாங்க. என்ன காரணம்னு எழுதச் சொன்னாங்க. என்னத்தை எழுதறது?”

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன். ருசி தெரியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின புதன்கிழமை, படிக்கட்டு ஏறி இறங்க அலுத்துக்கொண்டு, நானும் அப்படித் தண்டவாளத்தில் குதித்து எதிர்ப் பக்கம் ஏறியிருந்தேன். பின்னால் நீளமாக ஹாரன் கேட்டது. ‘ஏன்யா இப்படிக் கத்தறே’ என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. கை காட்டவில்லை. சிரித்திருக்கலாம்.

பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை. “வரேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மாம்பலத்தில் நடைபாலத்தின் அத்தனை படியும் ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கியது. வழக்கமான தூணுக்குப் போகாமல் பிளாட்பாரக் கோடிக்கு, 12 என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வண்டி வந்தது. வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, மூக்கு சரியாகப் பலகைக்கு நேரே வந்து, நின்றதே தெரியாமல் நின்றது. மோட்டார்மேன் சின்ன வயசுக்காரர். ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

பின்னாலிருந்து கார்டு (2022 முதல் அவருக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர், சம்பளம் பழையதுதான்) இரண்டு மணி அடித்தார். வண்டி மெதுவாக நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் என்னைக் கடந்து போனபோதுதான் உறைத்தது.

நான் ஏறவே இல்லை!